ஒன்பது வாசகங்களை நாடி ஒரு பயணம்

ஆண்டுதோறும் டிசம்பர் 24ஆம் நாள் பிற்பகல் மூன்று மணிக்கு, இங்கிலாந்து நாட்டின் கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள கிங்ஸ் கல்லூரிச் சிற்றாலயத்தில் ஒரு சிறுவனின் குரல் எழுகின்றது. துணைக்கு இசைக்கருவி எதுவும் இல்லை. தாவீதின் ஊரில் பிறந்த குழந்தையைப் பற்றிய பாடலின் முதல் அடிகளை அவன் ஒருவனே பாடுகின்றான். பின்னர் பாடகர் குழு முழுவதும் சேர்ந்துகொள்கின்றது. இறுதியில் ஆலயத்தில் கூடியிருப்போர் அனைவரும் சேர்ந்துகொள்கின்றனர். ‘ஒன்பது வாசகங்களும் கேரல் பாடல்களும்’ எனப் பெயர்பெற்ற வழிபாடு இவ்வாறுதான் தொடங்குகின்றது. ஒருவர் தொடங்குகின்றார், பலர் தொடர்கின்றனர், முடிவில் எல்லாரும் பாடுகின்றனர். திருச்சபையின் வரலாறே இதுவன்றோ!

இவ்வழிபாட்டில் பங்குபெற ஐரோப்பாவின் பிற நாடுகளிலிருந்தும், அமெரிக்காவிலிருந்தும், இன்னும் தொலைதூர நாடுகளிலிருந்தும் மக்கள் வருகின்றனர். நம் பங்குகளிலும் இன்று பல குடும்பங்களின் பிள்ளைகள் இங்கிலாந்தில் செவிலியராகவும் பொறியாளராகவும் மாணவராகவும் இருக்கின்றனர். கிறிஸ்து பிறப்பு விழாவை ஒட்டி அவர்களைக் காணச் செல்லும் பெற்றோருக்கு, “அம்மா, கேம்பிரிட்ஜ் சென்று கேரல் வழிபாட்டில் கலந்துகொள்வோமா?” என்னும் அழைப்பு வருவது புதிதன்று. வானொலியில் வீட்டிலிருந்தே கேட்கக்கூடிய ஒன்றை, இத்துணைப் பொருட்செலவில், குளிரில் நடுங்கிக்கொண்டு, நேரில் சென்று கேட்பானேன்? இக்கேள்வி நியாயமானதே. இதற்கு விடை காண, அவ்வழிபாடு பிறந்த வரலாற்றை நாம் சற்று அறிந்துகொள்ள வேண்டும்.

மரக்கொட்டகையில் பிறந்த வழிபாடு

பலரும் எண்ணுவதுபோல இவ்வழிபாடு அழகிய கேம்பிரிட்ஜ் ஆலயத்தில் பிறக்கவில்லை. இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில், கார்ன்வால் பகுதியிலுள்ள துரூரோ நகரில், ஒரு மரக்கொட்டகையில் அது பிறந்தது. 1877ஆம் ஆண்டு அங்கு ஆங்கிலிக்கன் மறைமாவட்டத்தின் முதல் ஆயராகப் பொறுப்பேற்றவர் எட்வர்டு ஒயிட் பென்சன். 1880ஆம் ஆண்டு புதிய பேராலயத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. கட்டடம் எழும்வரை வழிபாடுகள் ஒரு தற்காலிக மரக்கொட்டகையில் நடைபெற்றன. அவ்வாண்டு கிறிஸ்து பிறப்பு முன்னிரவில், பத்து மணிக்கு, ஒன்பது விவிலிய வாசகங்களையும் அவற்றிற்கிடையே பாடல்களையும் கொண்ட ஒரு வழிபாட்டை ஆயர் பென்சன் ஏற்பாடு செய்தார். அவ்விரவில் ஆடவர் மதுக்கடைகளில் பொழுதைக் கழிக்காமல் இறைவன் திருமுன் வந்து நிற்கட்டும் என்பதும் அவரது நோக்கங்களுள் ஒன்று எனச் சொல்லப்படுகின்றது. நம் பங்குத்தந்தையருக்கு இக்கவலை அந்நியமானதன்று!

வாசகர் வரிசையை ஆயர் அமைத்த விதம் நம் கருத்திற்குரியது. முதல் வாசகத்தைப் பாடகர் குழுவிலுள்ள ஒரு சிறுவன் வாசித்தான். படிப்படியாக உயர்ந்து, ஒன்பதாம் வாசகத்தை ஆயரே வாசித்தார். இறைவார்த்தையின் முன் சிறியவனுக்கும் இடமுண்டு, அவனுக்கே முதலிடம்.

ஒன்பது என்னும் எண்ணும் கத்தோலிக்கராகிய நமக்குப் புதியதன்று. பழைய உரோமைக் கட்டளைச் செபத்தில், பெருவிழாக்களின் இரவுச் செபத்திற்கு ஒன்பது வாசகங்கள் வகுக்கப்பட்டிருந்தன. துறவியரும் குருக்களும் இலத்தீனில் ஓதி வந்த அப்பழைய முறையின் சாயல், பொதுமக்களின் மொழியில், பொதுமக்களின் பாடல்களோடு, துரூரோவின் மரக்கொட்டகையில் மறுபிறவி எடுத்தது எனலாம்.

ஆயர் பென்சன் 1883ஆம் ஆண்டு கேன்டர்பரியின் பேராயரானார். அவருடைய மகன்களுள் ஒருவரான இராபர்ட் ஹியூ பென்சன் 1903ஆம் ஆண்டு கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்து, மறு ஆண்டே உரோமையில் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார் என்பது நம் வாசகர் அறிய வேண்டிய செய்தி. அவர் சில ஆண்டுகள் பணியாற்றிய இடம் எது தெரியுமா? அதே கேம்பிரிட்ஜ் நகர்!

போர்க்களத்திலிருந்து திரும்பிய குரு

துரூரோவில் தொடங்கிய இவ்வழிபாடு உலகறிந்த வழிபாடாக மாறியது முதல் உலகப் போரின் முடிவில். 1914 முதல் 1918 வரை நடந்த அப்போரில் படைவீரர்களின் ஆன்மகுருவாகப் பணியாற்றியவர் எரிக் மில்னர்-ஒயிட் என்னும் ஆங்கிலிக்கன் குரு. கிங்ஸ் கல்லூரியில் பயின்றவர். களத்தில் அவர் ஆற்றிய சேவைக்காக அரசின் உயரிய படைத்துறை விருதும் பெற்றார். 1918ஆம் ஆண்டு, தம் 34ஆம் வயதில், அக்கல்லூரிச் சிற்றாலயத்தின் பொறுப்பாளராக, டீன் என்னும் பதவியில் அமர்த்தப்பட்டார்.

அன்பு வாசகர்களே, அந்தக் காலத்தைச் சற்று மனக்கண்முன் கொண்டு வாருங்கள். நவம்பர் 11ஆம் நாள் போர்நிறுத்தம் ஏற்பட்டது. அடுத்த ஆறு வாரங்களில் கிறிஸ்து பிறப்பு விழா. கல்லூரியின் இருக்கைகளில் அமர்ந்து படித்த இளைஞர் பலர் பிரான்சு நாட்டு மண்ணுக்குள் உறங்கிக்கொண்டிருந்தனர். மகனை இழந்த தாயரும், கணவரை இழந்த இளம் மனைவியரும், கைகால் இழந்து திரும்பிய வீரரும் அந்நாட்டின் ஒவ்வோர் ஊரிலும் இருந்தனர். அவர்களிடம் சென்று “மகிழ்ந்து பாடுங்கள்” என்று எளிதாகச் சொல்லிவிட முடியுமா? அதே வேளையில், அவர்களுக்கு மீட்பரின் பிறப்பை அறிவிக்காமலும் இருக்க முடியுமா?

வழக்கமான வழிபாட்டு முறைகள் உள்ளம் உடைந்த மக்களுக்குப் போதுமானவையாக இல்லை என்பதைப் போர்க்களத்தில் கண்டுணர்ந்தவர் மில்னர்-ஒயிட். எனவே அவர் ஆயர் பென்சனின் ஒன்பது வாசகங்களை எடுத்துக்கொண்டார். அவற்றின் முன்னே தாமே இயற்றிய ஓர் அழைப்புச் செபத்தைச் சேர்த்தார். 1918 டிசம்பர் 24 அன்று அவ்வழிபாடு கிங்ஸ் கல்லூரியில் முதன்முறையாக நடைபெற்றது. அடுத்த ஆண்டு அதன் அமைப்பைச் சற்றே திருத்தினார். திருமதி செசில் பிரான்சிஸ் அலெக்சாண்டர் சிறுவர்களுக்காக எழுதி 1848ஆம் ஆண்டு வெளியான பாடல், தொடக்கப் பாடலாக வந்து சேர்ந்தது அந்த 1919இல்தான். அன்று முதல் இன்றுவரை அது மாறவில்லை.

அந்த அழைப்புச் செபமே இவ்வழிபாட்டின் இதயம் என்று துணிந்து கூறலாம். பெத்லகேமிற்கு உள்ளத்தால் செல்ல மக்களை அழைத்தபின், அச்செபம் ஏழைகளையும், பசித்தோரையும், குளிரில் வாடுவோரையும், ஒடுக்கப்பட்டோரையும், நோயுற்றோரையும், துயருறுவோரையும், தனிமையில் வாழ்வோரையும், முதியோரையும் குழந்தைகளையும் நினைவுகூர்கின்றது. முடிவில், நமக்கு முன் இறைவனிடம் சென்றுவிட்ட எண்ணற்றோரை நினைவுகூர்ந்து, அவர்களோடு நாமும் கிறிஸ்துவில் ஒன்றாயிருக்கின்றோம் என அறிக்கையிடுகின்றது. 1918ஆம் ஆண்டில் அச்சொற்களைக் கேட்டவர்களுள், ஒரு முகத்தை நினைத்துக்கொள்ளாதவர் எவர் இருந்திருப்பர்? ‘புனிதர்களுடைய சமூக உறவை விசுவசிக்கிறேன்’ என்று நாம் ஞாயிறுதோறும் சொல்லும் விசுவாச உண்மையன்றோ அது!

1928ஆம் ஆண்டு பி.பி.சி. வானொலி முதன்முறையாக இவ்வழிபாட்டை ஒலிபரப்பியது. 1930ஆம் ஆண்டு தவிர, ஆண்டுதோறும் ஒலிபரப்பு தொடர்கின்றது. இரண்டாம் உலகப் போரின்போது சிற்றாலயத்தின் வண்ணக் கண்ணாடிகள் பாதுகாப்பிற்காகக் கழற்றி வைக்கப்பட்டன. ஆலயத்தின் உள்ளே கடுங்குளிர். பகைவர் அறியலாகாது என்பதற்காக இடத்தின் பெயரைக்கூட வானொலியில் அறிவிக்கவில்லை. ஆயினும் பாடல் நிற்கவில்லை. 2020ஆம் ஆண்டு பெருந்தொற்றுக் காலத்தில் மக்கள் எவரும் இன்றி வழிபாடு பதிவு செய்யப்பட்டு ஒலிபரப்பப்பட்டது. அப்போதும் அது விடுபடவில்லை.

கல்லும் கண்ணாடியும் கூறும் கதை

வழிபாடு நடைபெறும் இடமும் நம் கவனத்திற்குரியது. கிங்ஸ் கல்லூரியை 1441ஆம் ஆண்டு நிறுவியவர் ஆறாம் ஹென்றி மன்னர். அப்போது அவருக்கு வயது 19. அன்று இங்கிலாந்து முழுவதும் கத்தோலிக்க நாடு. கல்லூரியை அவர் நம் அன்னை மரியாவுக்கும் புனித நிக்கோலாவுக்கும் ஒப்புக்கொடுத்தார். கல்லூரியின் முழுப்பெயரில் இன்றும் அவ்விரு பெயர்களும் உள்ளன. அன்றாட வழிபாட்டில் பாட ஏழைச் சிறுவர் 16 பேர் இருக்க வேண்டும் என்று அவர் சட்டம் வகுத்தார். இன்றும் அக்குழுவில் சிறுவர் 16 பேர்; அவர்களோடு கல்லூரி மாணவரான இளைஞர்களும் பாடுகின்றனர். சிற்றாலயத்தின் முதற்கல் 1446ஆம் ஆண்டு நாட்டப்பட்டது. தாம் தொடங்கிய ஆலயம் முடிவுறுவதை அம்மன்னர் காணவில்லை. அரசிழந்து, இலண்டன் கோபுரச் சிறையில் 1471ஆம் ஆண்டு இறந்தார்.

பின்வந்த அரசர்களின் காலத்தில் வேலை தொடர்ந்தது. விசிறி விரித்தாற்போன்ற கல் விதானத்தை 1512 முதல் 1515 வரையிலான மூன்றே ஆண்டுகளில் அமைத்தவர் ஜான் வாஸ்டெல் என்னும் கட்டடக் கலைஞர். ஏறத்தாழ 88 மீட்டர் நீளமும் 24 மீட்டர் உயரமும் கொண்ட அவ்வாலயத்தின் விதானம், அவ்வகை விதானங்களுள் உலகிலேயே பெரியது. பெரிய சன்னல்களின் மேல்வரிசைக் கண்ணாடிகளில் பழைய ஏற்பாட்டு நிகழ்ச்சிகளும், அவற்றிற்கு நேர் கீழே அவை முன்குறித்த புதிய ஏற்பாட்டு நிகழ்ச்சிகளும் தீட்டப்பட்டுள்ளன. எழுதப் படிக்கத் தெரியாத மக்களுக்கு அன்றைய திருச்சபை அளித்த மறைக்கல்வி அது. ஒன்பது வாசகங்கள் காதுக்குச் சொல்வதை, அக்கண்ணாடிகள் 400 ஆண்டுகளுக்கு முன்பே கண்ணுக்குச் சொல்லிக்கொண்டிருந்தன!

பீடத்திற்குப் பின்னே, ஓவியர் ரூபென்ஸ் 1634ஆம் ஆண்டு லூவேன் நகரத்துக் கன்னியர் மடம் ஒன்றிற்காகத் தீட்டிய ‘ஞானியரின் ஆராதனை’ ஓவியம் உள்ளது. அதுவும் ஒரு கத்தோலிக்கப் படைப்பே.

ஆலயத்தின் நடுவே ஆர்கன் இசைப்பெட்டியைத் தாங்கி நிற்கும் மரத்தட்டியை உற்று நோக்கினால், அதில் எச், ஏ என்னும் இரு எழுத்துகள் செதுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். எட்டாம் ஹென்றியும் ஆன் பொலினும் மணம் புரிந்ததன் அடையாளம் அது. எந்தத் திருமணத்தை முன்னிட்டு இங்கிலாந்து உரோமையிடமிருந்து பிரிந்ததோ, அதன் எழுத்துகள் இன்றும் அம்மரத்தில் உள்ளன. கத்தோலிக்கர் ஒருவர் அதன் அடியில் நடந்து செல்லும்போது உள்ளம் கனக்காமல் இராது. ஒன்றாய் இருந்தவர்கள் கட்டிய ஆலயம். பிரிந்ததன் அடையாளத்தைத் தாங்கிய தட்டி. அதன் இருபுறமும் அமர்ந்து ஒரே மீட்பரைப் பாடும் மக்கள். ஆண்டவர் தம் சீடர் ஒன்றாயிருக்க வேண்டும் என்று இறுதி இரவில் மன்றாடியது ஏன் என்பது அங்கே நன்கு விளங்கும்.

ஆதாம் முதல் வார்த்தை வரை

இனி, வாசகங்களுக்கு வருவோம். முதல் வாசகம் மாட்டுக்கொட்டிலில் தொடங்கவில்லை. தொடக்கநூல் மூன்றாம் அதிகாரத்தில், பாவம் செய்தபின் தோட்டத்தின் மரங்களிடையே ஒளிந்துகொண்ட ஆதாமை, “நீ எங்கே இருக்கின்றாய்?” என்று இறைவன் தேடும் இடத்தில் தொடங்குகின்றது. கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு இது பொருத்தமான தொடக்கமா என்று சிலர் ஐயுறலாம். நோய் இன்னதென்று அறியாதவனுக்கு மருந்தின் அருமை தெரியாது. மனிதன் தொலைந்தான் என்பதை முதலில் கேட்டால்தான், அவனைத் தேடி வந்தவர் எவர் என்பது பின்னர் புரியும்.

இரண்டாம் வாசகத்தில் ஆபிரகாம் பெற்ற வாக்குறுதி. மூன்றாம், நான்காம் வாசகங்களில் எசாயா இறைவாக்கினரின் குரல்: இருளில் நடந்த மக்கள் காணும் பேரொளியும், ஈசாய் மரத்தண்டிலிருந்து முளைக்கும் தளிரும். ஐந்தாவதில் கபிரியேல் தூதர் மரியாவை வாழ்த்துகின்றார். ஆறாவதில் இயேசுவின் பிறப்பு. ஏழாவதில் இடையர். எட்டாவதில் ஞானியர். ஒன்பதாம் வாசகத்திற்கு அனைவரும் எழுந்து நிற்கின்றனர். யோவான் நற்செய்தியின் முன்னுரையைக் கல்லூரித் தலைவர் வாசிக்கின்றார். முதல் வாசகத்தை வாசித்தவன் பாடகர் குழுச் சிறுவன். ஆயர் பென்சன் வகுத்த ஏற்றமுறை இங்கும் காக்கப்படுகின்றது.

இதில் இயற்கையும் தன் பங்கை ஆற்றுகின்றது. டிசம்பர் மாத இறுதியில் கேம்பிரிட்ஜில் மாலை நான்கு மணிக்கு முன்பே கதிரவன் மறைந்துவிடுகின்றான். வழிபாடு தொடங்கும்போது வண்ணக் கண்ணாடிகளின் வழியே மெல்லிய பகலொளி வருகின்றது. வாசகங்கள் செல்லச் செல்லக் கண்ணாடிகள் ஒவ்வொன்றாகக் கருக்கின்றன. முடிவில் மெழுகுதிரிகளின் சுடர்களே கண்ணுக்குத் தெரிகின்றன. இருளில் ஒளி ஒளிர்ந்தது என்று யோவான் அறிவிப்பதைக் கேட்கும் நேரத்தில், வெளியே உண்மையாகவே இருட்டிவிட்டிருக்கும். வானொலி தர இயலாதது இது. ஒன்றரை மணி நேரம் இருள் சூழ்வதைக் கண்டுகொண்டே ஒளியைப் பற்றிய நற்செய்திக்குக் காத்திருப்பது, திருவருகைக் காலம் முழுவதையும் ஒரே பிற்பகலில் வாழ்ந்து பார்ப்பதற்கு ஒப்பாகும்.

வாசகங்களுக்கிடையே வரும் பாடல்கள் அவ்வப்போது கேட்ட இறைவார்த்தைக்கு மக்கள் தரும் மறுமொழியாகும். 1983ஆம் ஆண்டு முதல் ஆண்டுதோறும் ஓர் இசையமைப்பாளரிடம் புதிய பாடல் ஒன்று கேட்டுப் பெறப்படுகின்றது. 1990ஆம் ஆண்டு அவ்வாறு அழைக்கப்பட்டவர் எஸ்தோனிய நாட்டு ஆர்வோ பேர்த். கிழக்குத் திருச்சபையைச் சார்ந்த அவர், பழைய சிலாவிய மொழியில் அன்னை மரியாவை வாழ்த்தும் செபத்திற்கு இசையமைத்துத் தந்தார். கிழக்குத் திருச்சபையின் மகன் ஒருவர், ஆங்கிலிக்கன் பாடகர் குழுவிற்கு, ‘அருள் நிறைந்தவளே’ எனும் வாழ்த்தைப் பாடக் கொடுத்தார்! இறுதியில் எல்லாரும் பாடும் ‘அதெஸ்தே ஃபிதேலஸ்’ என்னும் இலத்தீன் பாடலை ஆங்கிலமாக்கிய பிரெடரிக் ஓக்லி, 1841ஆம் ஆண்டு அம்மொழிபெயர்ப்பைச் செய்தபோது ஆங்கிலிக்கன் குரு; 1845ஆம் ஆண்டு கத்தோலிக்கரானார். தாயின் வீட்டுப் பாடல்கள் பிரிந்த பிள்ளைகளின் வீடுகளிலும் தொடர்ந்து ஒலித்துக்கொண்டுதான் இருக்கின்றன.

கத்தோலிக்கர் பங்கேற்கலாமா?

நம் பெரியோர் சிலரின் மனத்தில் இக்கேள்வி எழுவது இயல்பே. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், பிற சபையாரின் வழிபாடுகளில் கத்தோலிக்கர் ஈடுபட்டுப் பங்கேற்பதைத் தடை செய்திருந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964ஆம் ஆண்டு வெளியிட்ட கிறிஸ்தவ ஒன்றிப்பு பற்றிய விதித்தொகுப்பு, ஒன்றிப்பிற்காகப் பிரிந்த சகோதரரோடு சேர்ந்து செபிப்பது விரும்பத்தக்கது என்று கற்பித்தது. 1966ஆம் ஆண்டு திருத்தந்தை ஆறாம் பவுல், கேன்டர்பரிப் பேராயர் மைக்கேல் ராம்சேயை உரோமையில் வரவேற்று, தம் விரலில் இருந்த மோதிரத்தைக் கழற்றி அவருக்கு அணிவித்ததை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1993ஆம் ஆண்டு உரோமை வெளியிட்ட ஒன்றிப்பு வழிகாட்டி, திருவருட்சாதனம் அல்லாத இத்தகைய வழிபாடுகளில் பாடல்களிலும் பதிலுரைகளிலும் கத்தோலிக்கர் பங்குகொள்ள ஊக்கமளிக்கின்றது. எனவே எவரும் மனக்கலக்கமின்றிச் செல்லலாம்.

ஆயினும் ஒன்றை மறந்துவிடலாகாது. இது திருப்பலி அன்று. கிறிஸ்து பிறப்புத் திருப்பலியின் கடமையை இது நிறைவேற்றாது. வாசகங்களில் நாம் கேட்ட வார்த்தை, நற்கருணைப் பீடத்தில் நமக்கு உணவாகின்றார். கேம்பிரிட்ஜில் 1890ஆம் ஆண்டு எழுப்பப்பட்ட நம் அன்னை மற்றும் ஆங்கிலேய மறைசாட்சியர் ஆலயம் உள்ளது. உயர்ந்த கோபுரத்தால் தொலைவிலிருந்தே தெரியும். அதைக் கட்டுவதற்குத் தம் செல்வத்தை வழங்கியவர், பாரிசு நகர அரங்குகளில் ஒரு காலத்தில் புகழ்பெற்ற நடன மங்கையாய் விளங்கிய யோலாந்து லைன்-ஸ்டீபன்ஸ் அம்மையார். மாலையில் கிங்ஸ் கல்லூரியில் செபித்தவர்கள், இரவில் அங்கே திருப்பலி காணலாம்.

பயணம் செய்வோர் அறிய வேண்டியவை

நுழைவதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் இடம் கிடைப்பது அரிது. பல்லாண்டுக் காலம் மக்கள் அதிகாலையிலிருந்தும், சிலர் முந்திய இரவிலிருந்தும், கல்லூரி வாயிலில் வரிசையில் நின்று இடம் பெற்றனர். பெருந்தொற்றிற்குப் பிந்திய ஆண்டுகளில், முன்கூட்டியே விண்ணப்பிப்போருள் குலுக்கல் வழியாகப் பலருக்கு இடம் அளிக்கும் முறை வந்துள்ளது. இம்முறைகள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும். ஆதலால், அவ்வாண்டிற்குரிய அறிவிப்பைக் கல்லூரியிடமிருந்தே அறிந்துகொண்ட பின்னரே விமானச் சீட்டு வாங்குவது அறிவுடைமை. இவ்வழிபாட்டை மட்டுமே நம்பிப் பயணம் புறப்படுவது நன்றன்று. பிள்ளைகளைக் காணும் பயணமாக அது அமையட்டும். வழிபாடு அதனோடு சேர்ந்த அருளாகட்டும்.

இலண்டனிலிருந்து கேம்பிரிட்ஜ் சுமார் 80 கிலோமீட்டர். விரைவு இரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். ஆனால் டிசம்பர் 24 மாலையில் இரயில்கள் வழக்கத்தைவிட முன்னதாகவே நின்றுவிடும். மறுநாள் விழாவன்று இரயில் போக்குவரத்து அந்நாட்டில் அநேகமாக இல்லை. எனவே அன்றிரவு தங்கும் இடத்தை முன்னரே உறுதி செய்துகொள்ள வேண்டும். முதியோர் கம்பளிச் சட்டை, கனத்த காலுறை, காதை மூடும் தொப்பி ஆகியவற்றை மறவாமல் எடுத்துச் செல்க. கற்கட்டடத்தின் குளிர் எலும்பைத் தொடும்.

மரத்தட்டிக்கு மேற்கே இடம் கிடைப்பவர்கள், பாடகர் இருக்கைகளைக் காண இயலவில்லையே என்று வருந்த வேண்டாம். தொடக்கப் பாடலின்போது பவனி புறப்படுவது அம்மேற்குப் பகுதியிலிருந்தே. முதல் குரல் அவர்கள் அருகில்தான் எழும். அக்குரலுக்குரிய சிறுவன் எவன் என்பது முன்கூட்டியே அறிவிக்கப்படுவதில்லை. கடைசி நொடியில் பாடகர் குழுத் தலைவர் ஒருவனைச் சுட்டிக்காட்டுவார். பல நாள் பயிற்சி பெற்ற சிறுவர் பலர் ஆயத்தமாய் நிற்க, ஒருவன் மட்டும் பாடுகின்றான். மற்றவர்கள் பொறாமையின்றி அவனைத் தொடர்கின்றனர். நம் பங்குப் பாடகர் குழுவினர் இதைக் கவனிப்பார்களாக!

இடமே கிடைக்கவில்லை எனினும் மனந்தளர வேண்டியதில்லை. இங்கிலாந்தின் பேராலயங்களிலும் சிற்றூர்க் கோவில்களிலும் திருவருகைக் காலத்தில் இதே ஒன்பது வாசக வழிபாடு நடைபெறுகின்றது. எளிய ஊர்க் கோவிலில் எளிய மக்களோடு பாடுவதும் பெரும் பேறே. இன்னொன்று: வழிபாடு இசை நிகழ்ச்சியன்று. கைத்தட்டலுக்கும் புகைப்படத்திற்கும் அங்கே இடமில்லை.

விண்மீன் தொங்காத வீடுகள்

இவ்வழிபாடு யாருக்காக ஏற்படுத்தப்பட்டதோ, அவர்கள் நம் நடுவிலும் இருக்கின்றார்கள். ஆண்டிற்குள் சாவு நேர்ந்த வீட்டில் விழாக் கொண்டாடுவதில்லை என்பது நம் மக்களிடையே வேரூன்றிய வழக்கம். டிசம்பர் மாதத்தில் பங்கின் தெருக்களில் நான் நடந்து செல்கையில், வரிசையாக விண்மீன்கள் ஒளிவிடும் வீடுகளுக்கிடையே ஒரு வீடு மட்டும் இருண்டு கிடப்பதைக் காண்கின்றேன். உள்ளே குடில் இல்லை, பலகாரம் இல்லை, புத்தாடை இல்லை. கேரல் குழுவினரும் அவ்வீட்டின் முன் குரலைத் தாழ்த்திக்கொண்டு கடந்துவிடுகின்றனர். அன்பினால்தான் அவ்வாறு செய்கின்றனர். ஆயினும், நற்செய்தி மிகவும் தேவைப்படும் வீட்டையே நற்செய்தி தாண்டிச் செல்லலாமா?

1918ஆம் ஆண்டில் ஒரு நாடு முழுவதுமே விண்மீன் தொங்காத வீடாக இருந்தது. அம்மக்களிடம் மில்னர்-ஒயிட் ‘துயரத்தை மறந்துவிடுங்கள்’ என்று சொல்லவில்லை. ‘விழாவை விட்டுவிடுங்கள்’ என்றும் சொல்லவில்லை. இறந்தோரைச் செபத்தில் நினைவுகூர்ந்து உடன் அழைத்துக்கொண்டு, ஆதாமின் கண்ணீரிலிருந்து தொடங்கி, பெத்லகேம் வரை அவர்களை நடத்திச் சென்றார். பெத்லகேமில் பிறந்தவர் மகிழ்ச்சியாளரின் வீட்டிற்கு மட்டும் விருந்தினராக வந்தவர் அல்லர். இடமில்லை என்று கதவடைக்கப்பட்டவருக்கு, இருண்ட வீட்டின் வாசல் அந்நியமானதன்று.

ஆகவே, கேம்பிரிட்ஜ் செல்லும் வாய்ப்புப் பெற்றோர், இனிய இசையை மட்டும் நினைவில் சுமந்து வராமல், அந்தச் செபத்தின் பொருளையும் சுமந்து வாருங்கள். செல்ல இயலாதோர் எதையும் இழந்துவிடவில்லை. ஒன்பது வாசகங்களும் உங்கள் வீட்டு விவிலியத்தில் உள்ளன. இவ்வாண்டு உங்கள் தெருவில் இருண்ட வீடு ஒன்று இருக்குமானால், திருவருகைக் காலத்தின் ஒரு மாலையில் உங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அங்கே செல்லுங்கள். ஒரு விளக்கை ஏற்றுங்கள். பிரிந்தவரின் பெயரைச் சொல்லிச் செபியுங்கள். அவ்வீட்டின் சிறிய குழந்தை முதல் வாசகத்தை வாசிக்கட்டும். மூத்தவர் யோவானின் முன்னுரையை வாசிக்கட்டும். உரத்துப் பாட வேண்டியதில்லை. மெல்லப் பாடினால் போதும்.

அழுவோரோடு அழவும் மகிழ்வோரோடு மகிழவும் திருத்தூதர் பவுல் நம்மைப் பணிக்கின்றார். இரண்டையும் ஒரே இரவில் செய்யலாம் என்பதைக் கிறிஸ்து பிறப்பு விழா கற்பிக்கின்றது. மனுவுருவான வார்த்தையானவர் உங்கள் இல்லங்கள் அனைத்திலும், சிறப்பாகத் துயருறும் இல்லங்களில், குடிகொள்வாராக!